ஏழாவது வழக்கு

பிரெஸ்டன். பிப்ரவரி. மாலை ஐந்தரை.
முட்டை சாண்ட்விச், ஆறிப்போன காபி,
வருகைத் தாளில் கையெழுத்திட்டால்
ஒரு மணி நேரம் பயிற்சிக் கணக்கில் ஏறும்.
நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு தீர்ப்பு என்று
லண்டனிலிருந்து வந்த ஆர்மிட்ஸ்டெட் சிரிக்கிறார்.
ரேடியேட்டர் மேல் ஈரக் கோட்டுகளின் வாடை.

ஏழாவது, த்ரெல்கெல்ட்.
"உடனிருந்தவன்
இது நடக்கலாம் என்று அறிந்திருந்தால் போதாது.
நடக்க வேண்டும் என்று எண்ணியிருக்க வேண்டும்.
பத்தி அறுபத்தொன்று, அடிக்கோடிடுங்கள்."
அடிக்கோடிட்டேன். பழகிய கை.

அறிந்தான், எண்ணினான்.
இரண்டு வினைச்சொற்கள்.
நடுவில் ஓர் இரும்புக் கதவு நிற்குமளவு இடம்.

பதினோரு ஆண்டுக்கு முன்
இங்கே, இரண்டாம் எண் நீதிமன்றத்தில்
அரசுத் தரப்பில் நின்றவள் நான்.
கார்ல் பிக்கர்ஸ்டாஃப், பத்தொன்பது வயது.
சந்து முனையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான்.
கத்தி இன்னொருவன் கையில்.
மரியாதையாகத்தான் கேட்டேன்:
"அவரிடம் கத்தி இருந்தது உங்களுக்குத் தெரியும், இல்லையா?"
"தெரியும்" என்றான்.
நான் உட்கார்ந்துவிட்டேன்.
அன்றைக்கு அந்த ஒரு சொல் போதும்.
மறுநாள் ஜூரி
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்தது.

"சட்டம் மாறிவிட்டதாக நினைக்காதீர்கள்"
என்கிறார் ஆர்மிட்ஸ்டெட்.
"நீதிபதிகள் சட்டம் செய்வதில்லை, கண்டெடுக்கிறார்கள்.
அது என்றைக்கும் இப்படியேதான் இருந்தது,
நாம்தான் தவறாக வாசித்தோம்."
சாண்ட்விச்சோடு சிலர் சிரிக்கிறார்கள்.
ஆக, பதினோரு ஆண்டாகச்
சட்டம் சரியாகவே இருந்திருக்கிறது.
கார்ல் உள்ளே இருந்திருக்கிறான்.

பின்வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்துகிறாள்.
பழைய தண்டனைகள்?
"மேல்முறையீட்டுக் கெடு இருபத்தெட்டு நாள்.
பிந்தி வருகிறவர்
கணிசமான அநீதி நேர்ந்ததென்று காட்ட வேண்டும்.
வெறும் அநீதி போதாது."
திரை மாறுகிறது.
எட்டாவது, செல்பேசிச் சாட்சியம்.

அலுவலகக் கோப்புகளை
ஏழாண்டு முடிந்ததும் அரைத்துவிடுவார்கள்.
என் நீல நோட்டுகளை நான் எறிவதில்லை.
இரவு பதினொன்றுக்கு, படிக்கட்டின் அடியில்,
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடைத்தது.
என் கையெழுத்து, அப்போது இன்னும் நேராக.
தெரியும்.
இருமுறை அடிக்கோடு.

அதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான்.
வாய் அசைந்தது நினைவிருக்கிறது,
சுருக்கெழுத்தர் தலை நிமிர்ந்ததும்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.