இடம்புரி

பெடல் அச்சைக் கழற்ற மூன்று சாயங்காலம் பிடித்தது.
முதல் நாள் துருவைத் திட்டினேன்.
இரண்டாம் நாள் வண்டியை விற்றவனை.
ஜெர்மனியில் எங்கோ மழையில் நின்று
லாரியேறி சரயேவோ சந்தைக்கு வந்த சைக்கிள்,
மாடிப்படிக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தது,
சக்கரங்களைக் கூரைக்குக் காட்டிக்கொண்டு.

இருபத்திரண்டு வருஷமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன் நான்.
என் மணிக்கட்டுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்:
வலம் திருப்பினால் இறுகும்,
இடம் திருப்பினால் நெகிழும்.

ஸெனிட்சாவில் மோட்டார் விற்கும் ஸ்லாவன்
போனில் சிரித்தான், எதையோ மென்றபடி.
"சங்கிலிப் பக்கத்து மரை இடம்புரியப்பா.
கழற்றுவதாக நினைத்து மூன்று நாளாய்
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாய்."

வலம் திருப்பினேன்.
எந்தக் கட்டையிலும் இல்லாத ஒரு சுரத்தில் கிறீச்சிட்டு
கறுப்பு கிரீஸோடு கழன்று வந்தது.

அந்தத் துளைக்குள் மோட்டாரின் தண்டு நுழைந்து
மறுபக்கம் விரல்நுனியளவு எட்டிப் பார்த்தது.
அதன் உடம்பு அடியில் தொங்கியது,
சினைப்பூனையின் வயிறு போல.
தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில் பேட்டரி.
பிரேக்கைத் தொட்டால் மின்சாரம் நிற்க ஒரு வயர்,
கியர் மாறும்போது கண்ணிமைக்கும் நேரம் அடங்கியிருக்க இன்னொன்று.
"சக்கரத்துக்குள் உட்காரும் மோட்டார் வேறு ரகம்.
இது உன் சங்கிலியைத்தான் இழுக்கும்.
உன் கால் எந்தப் பல்லில் ஏறுகிறதோ
அதே பல்லில் இதுவும் ஏறும்.
நீ மிதிக்கவில்லையா,
சோம்பேறி மைத்துனன் மாதிரி சும்மா கிடக்கும்."

பிஸ்த்ரிக் மேட்டின் உச்சியில் நெவ்ஸெதாவின் இசைப்பள்ளி.
மூன்று வளைவு, உருளைக்கல் பாதை.
மாதம் ஒருமுறை ஏறிப்போய்ச் சேரும்போது
நெஞ்சு தம்பட்டம் அடிக்கும்.
அந்தச் சத்தத்தில் என்னத்தைக் கேட்பது?
இரண்டு தந்திகள் உரசிக்கொள்ளும் அலையை
எண்ணித்தானே என் பிழைப்பு.
அதனால் முதலில் நாற்காலி.
பிறகு நீளப்பிடிச் செப்புக் கிண்ணத்தில் காப்பி,
தட்டோரம் சர்க்கரைக் கட்டி ஒன்று.
என் மூச்சு அடங்கும்வரை அவள் பேசுவாள்:
டிராமில் தொலைத்த குடை,
வலக்கையை விட்டுவிட்டு இடக்கை மட்டும் ஓடிப்போகும் மாணவி,
மேல்வீட்டில் யாரோ இரவெல்லாம் நகர்த்தும் அலமாரி.
பன்னிரண்டு நிமிஷம்.
சில நாள் பதினைந்து.

மோட்டாரோடு போன முதல் தடவை
மெல்ல உறுமிக்கொண்டே ஏறியது வண்டி.
வளைவுகள் மூன்றும்
தாமாகவே எனக்குக் கீழே இறங்கிவிட்டன.
"அதற்குள்ளாகவா?" என்றாள் நெவ்ஸெதா,
தலைக்குத் துண்டு சுற்றியபடி.
நேரே போய்ப் பியானோவின் மூடியைத் திறந்தேன்.
எல்லாம் கேட்டது அன்றைக்கு,
பக்கத்து அறைக் கடிகாரம் உட்பட.
ஒரு மணி நேரத்தில் முடித்து, பணத்தை எண்ணி,
கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது:
அடுப்பருகே செப்புக் கிண்ணம்,
துடைத்து, கவிழ்த்து வைத்தபடி.

அடுத்த மாதம் மூன்றாம் வளைவில்
உதவியைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன்.
ஏழு கிலோ இரும்பும் லித்தியமும்
அப்போதுதான் தங்கள் பெயரைச் சொல்லின.
ரொட்டிப் பை தூக்கிய ஒரு பையன்
நடந்தே என்னை முந்திப் போனான்,
திரும்பிப் பார்த்து, பாவம் என்று நினைத்திருப்பான்.
தொடை எரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது.
வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ரெஷாத், மோட்டார் கெட்டுப்போச்சா?"

"சார்ஜ்," என்றேன். மீதி வார்த்தைக்கு மூச்சில்லை.
"தீர்ந்து... போச்சு."

நெவ்ஸெதா ஹேண்டில்பாரைப் பார்த்தாள்.
சின்னத் திரையில் ஐந்து கட்டத்தில் நான்கு
பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.
அணைக்க மறந்திருக்கிறேன்.

ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.
காப்பி அரைக்கும் சத்தம் கேட்டது.
கொஞ்சம் அதிக நேரமே அரைத்தாள்.