நான்கு மணிக்குப் பூட்டப்படும்

முப்பத்தேழாவது என்று
நோட்டில் கோடு கிழித்தான் டில்வின்.
மூன்று படல்களைத் திறந்து, மூன்றையும் மூடி,
ஆட்டுப் புழுக்கைக்குக் கால் தப்பவைத்து
ஏறி வந்திருந்தோம்.
கடைசிப் படலில் ஒரு தகரப் பலகை:
'மூடிவிட்டுப் போகவும். முட்டை டஜன் 2 பவுண்டு.'
அந்த இரண்டின் கழுத்து
அன்னத்தினுடையதைப்போல் பின்னுக்கு வளைந்திருந்தது.

உள்ளே எண்ணூறு வருடக் குளிர்.
ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில்
யாரோ கத்தி தீட்டிய தழும்பு.
சுண்ணாம்பு உரிந்த சுவரில்
ஒரு புனிதரின் கால் மட்டும்,
ஆறு விரல்களோடு.
"வரைந்தவனுக்கு எண்ணத் தெரியாது" என்றான் டில்வின்.
பிரசங்க மேடைமேல் வௌவால் எச்சம்.
பாட்டு எண் பலகையில்
என்றோ ஒரு ஞாயிறு பாடி முடித்த மூன்று எண்கள்,
இறக்கிவிட ஆளில்லாமல்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
எந்தக் கோயிலிலும் நான் மண்டியிடுவது அதன் முன்தான்.
'ஊஸ்டர், இரண்டு பேர்: மழைக்கு ஒதுங்கினோம், நன்றி.'
'லீட்ஸ், ஒருவர்: கழிப்பறை எங்கே?'
இடையிடையே
பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல்,
வருடம் தவறாமல் மார்ச் முப்பத்தொன்றில்
ஒரே ஒரு எண்.
2001: 214.
அடுத்த வருடம்: 0.
பிறகு 30. பிறகு 71. ஒருமுறை 68.
பாட்டு எண்ணாக இருக்குமென்று
பாட்டுப் புத்தகத்தில் 214 தேடினேன்.
விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பாட்டு.
பூஜ்யத்துக்குப் பாட்டு இல்லை.

அப்போதுதான் பின்னால் சாவி திரும்பியது.
கத்தினோம், தட்டினோம்.
மிஸஸ் பெவனுக்குக் காது மந்தம் என்பது
எங்களைத் தவிர அந்தப் பள்ளத்தாக்குக்கே தெரிந்திருக்கும்.
டில்வின் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினான்.
மணி ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு டிராக்டர்.
இதெல் ப்ரோபர்ட், மழை சொட்டும் தொப்பியோடு,
பத்துப் பதினைந்து சாவிகள் கோத்த வளையத்தில்
ஒன்றைத் தேடாமலே எடுத்துத் திறந்தார்.
"உள்ளே வாருங்களேன், நனைகிறீர்களே."
"நாங்கள் சேப்பல்காரர்கள். இது சர்ச்.
என் பூட்ஸ் இதற்குள் போனதில்லை."
சொல்லும்போது தன் பூட்ஸைத்தான் பார்த்தார்.

இறக்கத்தில் அவர் பின்னால் நடந்தோம்.
ஓடையோரம் ஒரு நீள்சதுரம்,
அங்கே மட்டும் புல் வேறு பச்சை,
சுற்றிலும் கம்பி வேலி.
"நல்ல புல்லாயிற்றே, மேயவிடுவதில்லையா?" டில்வின் கேட்டான்.
அவனுக்கு எதையும் கேட்டுவிட வேண்டும்.
"கோமாரி வந்த வருடம்," என்றார் இதெல்,
வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு.
மேட்டில் நின்ற ஆடுகளை நோக்கி
அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.
ஜெபம் என்று டில்வின் நினைத்திருப்பான்.

படலுக்கு வந்தோம்.
பலகையில் மறுபடியும் அந்த அன்னக் கழுத்து.
214-இன் முதல் எழுத்திலும்
அதே கழுத்தைப் பார்த்திருந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
"ஒரு டஜன் முட்டை கொடுங்கள்" என்றேன்.
படலை மூடிக் கொக்கியை மாட்டி
இழுத்துப் பார்த்தேன், இருமுறை.

காடிஃப் சாலையில் டில்வின்
முப்பத்தெட்டாவதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினான்.
மடியில் இருந்த அட்டையைத் திறந்து எண்ணினேன்.
பன்னிரண்டு. சரியாகத்தான் இருந்தது.
ஒன்றில் மட்டும் சிறு இறகு ஒட்டியிருந்தது.
மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.