பல் பார்த்தவள்

பரிலோச்சேயில் பல் மருத்துவரின் பக்கத்தில் நின்று
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவள் நான்.
தன்னார்வலர் படிவத்தில், வேறொன்றும் தோன்றாமல்,
'பல் தெரியும்' என்று எழுதிவைத்தேன்.
அதனால்தான் ஆட்டு வாய்களுக்கு அனுப்பினார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மலை வெடித்து
மூன்று மாதம் ஆகியிருந்தது.
காற்று எப்போதும்போல மேற்கிலிருந்து.
பாத்திரம் துலக்கும் அடுப்புச் சாம்பல் இல்லை இது,
பொடித்த கண்ணாடி.
புல்லோடு சேர்த்து மெல்ல மெல்ல
அரம்போலப் பல்லை ராவிவிடும்.

கம்பளிக்குள் இறங்கினால் பாரம்.
அதில் மழையும் பெய்தால் சிமென்ட்.
படுத்த ஆடு பிறகு எழுந்திருக்காது.
ஒரு பேருந்து ஓட்டுநர், இரண்டு மாணவர்கள், நான்:
முதல் நாள் முழுக்க நாங்கள் செய்தது
ஆடுகளைத் தூக்கி நிறுத்தியது மட்டும்தான்.
சில, நாலடி நடந்துவிட்டு
திரும்ப உட்கார்ந்துகொண்டன.

முதல் வாயைத் திறந்ததும் அலறிவிட்டேன்:
"மேல்வரிசை மொத்தமும் கொட்டிப்போச்சு!"
செலிந்தா கல்ஃபீன் சிரித்த சிரிப்பில்
அவள் முகமூடி கழன்று விழுந்தது.
ஆட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாதாம்.
கடவுள் வைக்கவே இல்லையாம்.
அதிலிருந்து என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டாள்,
ஆட்கள் முன்னால், வேண்டுமென்றே.

வேலை சுலபம்.
முழங்கால்களுக்கு நடுவே தலை. கட்டைவிரலால் கீழுதடு.
பல் இருந்தால் முதுகில் நீலக் கோடு.
லாரி ஏறி ஆற்றுப் பள்ளத்தாக்கின் பச்சைக்குப் போகும்.
ஈறுவரை தேய்ந்திருந்தால் சிவப்பு.
சிவப்புக்கு அப்புறம் என்ன என்று
தாளில் எழுதியிருக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
நானோ தானம் செய்ய வந்தவள்,
இருநூற்றுப் பதினொரு வாய் பார்த்தேன்.
காப்பாற்றப் போகிறேன் என்றுதான்
வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
சாயங்காலத்துக்குள் சிவப்பு டப்பா காலி.
நீலம் பாதிக்கு மேல் மிச்சம்.

லாரி போன புழுதி அடங்க வெகுநேரம் ஆனது.
சமையலறையில் மெழுகுவர்த்தி பக்கத்தில்
செலிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
வாயை ஆவென்று திறந்தாள்.
கீழே, இடப்பக்கம், கடைவாய்ப்பல்.
மாதக்கணக்காய்ச் சாம்பலோடு தின்ற ரொட்டி.
"சொல்லு டாக்டர், எனக்கு எந்தக் கோடு?"
"பெயிண்ட் தீர்ந்துபோச்சு" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து
தவிட்டை வெந்நீரில் கரைத்தாள்,
குழந்தைக்குப் பிசைவதுபோல, கட்டியில்லாமல்.
வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்,
சிவப்புக் கோடுகள் நின்றிருந்த பக்கம்.
"எத்தனை நாளைக்கு?"
"மூட்டையை எண்ணிக்கோ."
எண்ணினேன். ஒன்பது.

மறுநாள் காலை கிளினிக்குக்குத் தொலைபேசியில்
இன்னும் இரண்டு வாரம் என்றேன்.
உறிஞ்சுகுழாயை யார் பிடிப்பது என்று டாக்டர் கத்தினார்.
உண்மையான டாக்டர்.
ஒரு கையில் போன்,
இன்னொரு கையில் குழைந்த தவிடு,
அதற்குள் முகத்தைப் புதைத்திருந்த கிழட்டு ஆடு ஒன்று
அவசரத்தில் என் கைவிளிம்பையும் சேர்த்து
பலம்கொண்ட மட்டும் கடித்தது.

வலிக்கவே இல்லை.