குறுக்கே ஒரு கண்ணாடி

மணலி எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் ஓடி நிற்கும்.
சரக்கோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு,
கழித்துச் சீட்டுக் கொடுப்பேன்.
சொந்த வீட்டை மட்டும்
எந்த மேடையிலும் ஏற்றிப் பார்த்ததில்லை.

கொடுங்கையூரில் முக்கால் கிரவுண்டு.
பத்திரத்தில் நஞ்சை என்றுதான் போட்டிருந்தது.
படித்துக் காட்டியபோது
பிஎஃப் பணம் கைக்கு வந்த குஷியில்
அந்த வார்த்தை எனக்கு ஈரமாய்க் கேட்கவில்லை.

முதல் விரிசல் ஒரு மே மாதம்.
ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக,
எறும்பு போகிற வரிசை என்று நினைக்கும்படி.
ஐப்பசியில் தானாக மூடிக்கொண்டது.
சரியாகிவிட்டதென்று சுண்ணாம்பு அடித்தோம்.
அடுத்த மே மாதம்
ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது.
அதற்கடுத்த ஆண்டு
என் மகள் தமயந்தியின் சுண்டுவிரல்.
போர்டிகோ தளம் கேட் பக்கம் இறங்கி
நிறுத்திய ஸ்கூட்டர் இரவில் தானாக நகர்ந்து
தெருவைப் பார்த்து நின்றது.

ஆளுக்கொன்று சொன்னார்கள்.
எனக்குக் கிடைத்த குற்றவாளி
பக்கத்து வீட்டு எஸ்தரின் வாதாம் மரம்.
காம்பவுண்டை ஒட்டி, மூன்று தட்டாய்க் கிளை விரித்து.
இலையெல்லாம் என் வாசலில்,
வேரெல்லாம் என் அடியில் என்றேன்.
கவுன்சிலர் ஆபீஸ் வரை போனேன்.
அவள் சண்டை போடவில்லை.
ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்
வருவதற்குள் வெட்டிக்கோ என்றாள்.
ரம்பம் ஓய்ந்தபோது மணி பதினொன்றரை.

பிறகு மழை.
மரம் குடித்துவந்த தண்ணீரைக்
குடிக்க ஆளில்லாமல்
களிமண்ணே குடித்தது.
உப்பியது.
இறங்கிக்கொண்டிருந்த வீடு
ஒரு மூலையில் ஏறத் தொடங்கியது.
பாத்ரூம் கதவு நிலையில் இறுகி
உள்ளே மாட்டிக்கொண்ட பொற்கொடி
அரைமணி நேரம் என்னைத்தான் திட்டினாள்,
மரத்தை அல்ல.

ஏகாம்பரம் மேஸ்திரி வந்தான்.
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்,
யாரிடமோ எம்-சாண்ட் விலை பேசிக்கொண்டே
சுவரைத் தட்டினான்.
"இப்ப பூசுனா காசு வேஸ்ட்டு சார்.
வீடு இன்னும் நடக்குது. நிக்கட்டும்."
விரிசலுக்குக் குறுக்கே
விரலகலக் கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டி
மார்க்கரில் தேதி போட்டான்.
உடைந்தால் நடக்கிறது.
உடையாவிட்டால் நின்றுவிட்டது.

எண் இல்லாத எடைமேடை.
வேலைக்குப் போகும்போது ஒருதரம் பார்ப்பேன்,
வந்து செருப்பைக் கழற்றுமுன் ஒருதரம்.
இரண்டு பட்டை உடைந்தது.
மூன்றாவது
ஒரு கோடையையும் ஒரு மழையையும் தாண்டியது.

அப்புறம்தான் டிரில்லிங் மிஷினை எடுத்தான்.
விரிசலை வாய் பிளக்க வெட்டி, ஊதித் தூசெடுத்து,
எட்டு எம்எம் கம்பியைக் கொக்கியாய் வளைத்துக்
குறுக்கே குறுக்கே தையல் போட்டான்.
ஊசியில் எபாக்ஸி.
போர்டிகோவில் ஐந்து ஓட்டை போட்டுச்
சிமெண்ட் பாலை அழுத்தி இறக்க,
தளம் முனகிக்கொண்டு
முக்கால் அங்குலம் எழுந்தது.
ட்யூப் மட்டம் பிடித்திருந்த கன்னியம்மா
போதும் போதும் என்று கத்தினாள்.
தோண்டியதில் இன்னொன்றும் கிடைத்தது:
எங்கள் சமையற்கட்டுக் கழிவுக்குழாய்,
இணைப்பு விட்டு, வருஷக்கணக்காய்
அஸ்திவாரத்தடியில் ஒழுகிக்கொண்டு.
அதை யாரும் கவுன்சிலரிடம் கொண்டுபோகவில்லை.

எழுபத்தெட்டாயிரம்.

கடைசி நாள்
எஸ்தர் காம்பவுண்டு ஓரம் கூப்பிட்டாள்.
மரம் போனபின் முதல் பேச்சு.
அவள் வீட்டில், மரம் நின்ற பக்கத்துச் சுவரில்,
கீழிருந்து மேலாக ஒரு கோடு.
என் சுண்டுவிரல் நுழைந்தது.
பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை.
"அந்தக் கண்ணாடி மிச்சம் இருக்கா?"

கொடுத்தேன்.
மேஸ்திரியைத் தொடவிடாமல்
அவளே பசை தடவி ஒட்டினாள், சற்றுக் கோணலாக.
மார்க்கரை வாங்கித் தேதி எழுதினாள்.
அன்றைய தேதி இல்லை.
இரண்டு வருஷத்துக்கு முந்தைய
ஒரு ஞாயிறு.