மொழிபெயர்ப்பாளருக்கான கூலி

ஒரு கூட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மெட்டிகால்.
மதியச் சோறும் ஒரு ஃபான்டாவும் தனி.
சட்டம் போர்த்துக்கீசில் பேசும்,
நான் அதை நியுங்வேயில் சொல்ல வேண்டும்.
கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது
என்று எவரிஸ்து முதல் நாளே சொல்லிவிட்டார்.

நான்கு கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது ஆணை.
நடத்தினார்கள். நான்கிற்கும் கைரேகை இருக்கிறது.

முதல் கூட்டத்தின் முதல் வாக்கியத்திலேயே
ஒரு சொல் வழிமறித்தது.
மறுகுடியமர்வு.
எங்கள் மொழியில் அதற்கு ஈடில்லை.
போர்த்துக்கீசுச் சொல்லை உரித்துப் பார்த்தேன்,
உள்ளே ‘உட்கார்’ என்று இருந்தது.
“உங்களை மறுபடி உட்கார வைப்பார்கள்” என்றேன்.
பின்வரிசையில் லுசியானா தெம்போ,
பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்க,
“எங்களை எழுப்பினது யார்?” என்று கேட்டாள்.
அதையும் போர்த்துக்கீசில் சொன்னேன்.
குறிப்பேட்டில் அது
‘பொதுவான கேள்விகள்’ என்று பதிவானது.

இரண்டாவது, காற்று அடித்த நாள்.
தாள்கள் மேசையில் நிற்கவில்லை.
ஃபுங்குலானி எழுந்து வந்து
தன் சூளையில் சுட்ட செங்கல் ஒன்றைச்
சட்டத்தின்மேல் வைத்தான்.
அப்புறம்தான் கேட்டான்:
வீடு கணக்கில் இருக்கிறது, சோளக்கொல்லை இருக்கிறது,
கோழிக்கூடுகூட இருக்கிறது,
ரெவுபுவே ஆற்றங்கரைக் களிமண் எந்தப் பக்கத்தில்?
எவரிஸ்து தேடினார்.
பக்கம் புரட்டச் செங்கல்லைத் தூக்க வேண்டியிருந்தது.
நிலம் அரசுடையது,
அதன்மேல் நீ செய்ததுதான் உன்னுடையது
என்று மொழிபெயர்த்தேன்.
“செங்கல் நான் செய்தது.”
“செங்கல்லை எடுத்துப் போகலாம்” என்றது சட்டம்,
அல்லது எவரிஸ்து. இரண்டு குரலும்
என் வாயில் ஒன்றாகத்தான் வந்தது.

மூன்றாவது, மரங்களின் பட்டியல்.
காய்க்கும் மாமரத்துக்கு ஒரு விலை,
காய்க்காததற்குப் பாதி.
பொந்தன்புளியை யார் நட்டது?
யாரும் நடவில்லை.
யாரும் நடாத மரத்துக்குக் கட்டம் இல்லை.
பஞ்ச வருஷத்தில் அதன் மாவைக் கரைத்துக் குடித்து
உயிர் வைத்தவர்கள் பத்துப் பேராவது அங்கே இருந்தார்கள்.
நானும் குடித்திருக்கிறேன்.
அன்று ஃபான்டாவைத் திறக்கவில்லை.
அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை நான்.

நான்காவதில், நேரமில்லை என்று
ஒரு பக்கத்தைத் தாண்டச் சொன்னார்.
கழிக்கக் கூடாது என்றவரும் அவரே.
வாசித்தேன், மெதுவாக, இரண்டு தரம்:
முன்பு வாழ்ந்ததற்குச் சமமாக, அல்லது மேலாக
வாழ உங்களுக்கு உரிமை உண்டு.
யாரும் கைதட்டவில்லை.
ஃபுங்குலானி மட்டும் பக்க எண்ணைக் கேட்டான்.

புது இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி.
முதல் மழையிலேயே லுசியானா வீட்டுச் சுவரில்
கட்டைவிரல் நுழையும் விரிசல்.
குழாய் வியாழக்கிழமை மட்டும் இருமும்.
ஆறு இல்லை.
ஆறில்லாத ஊரில் செங்கல் அறுப்பவனுக்கு என்ன பெயர்?
‘பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்’ என்று
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

ஐந்தாவது கூட்டம் பற்றி ஆணையில் ஒரு வரியும் கிடையாது.
அதை அவர்களே கூட்டினார்கள்,
நிலக்கரி ரயில் போகும் தண்டவாளத்தின் மேல்,
அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.
என்னை யாரும் அழைக்கவில்லை. போனேன்.

தூரத்தில் எஞ்சின் நின்று உறுமிக்கொண்டிருந்தது.
போலீஸ் வண்டிகள் இரண்டு.
எவரிஸ்து வியர்த்தபடி என் முழங்கையைப் பிடித்தார்.
முதல் முறையாக மொழிபெயர்ப்பு
அவருக்குத் தேவைப்பட்டது.
“என்ன சொல்கிறார்கள்?”
யாரும் எதுவும் சொல்லவில்லை.
லுசியானா பிள்ளையை மறுமடிக்கு மாற்றினாள்.
ஃபுங்குலானி தாளைச் சல்லிமேல் விரித்து
காற்றுக்கு ஒரு செங்கல் வைத்தான்.

“மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள்” என்றேன்,
போர்த்துக்கீசில்,
சட்டம் சொன்ன அதே சொல்லால்.