பதினேழாவது சலவை

ஞாயிறு இரவு
கூடைகள் உருண்டு வரும்.
ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை.
தலைக்கு மேல் அறுபதாயிரம் பேர்
குதிக்கிறார்களா இல்லையா என்பது
சலவை அறைக் குழாய்களின் அதிர்வில் தெரியும்.
இந்த ஆண்டு குழாய்கள் வாய் திறக்கவில்லை.

ஈரி ஏரிக்கரையின் நாரைகள் நாங்கள்.
ஹெல்மெட்டில்
ஒற்றைக் காலில் நிற்கும் நீலப் பறவை.
ஆகஸ்டில் பேக்கரிக்காரன்
நாரை வடிவில் ரொட்டி சுட்டான்.
பல் மருத்துவர் வாசலில்கூட
'இது நம் ஆண்டு' என்று
எழுத்து எழுத்தாய் ஒட்டியிருந்தது.
அக்டோபர்க் காற்றில் 'நம்' விழுந்துவிட்டது.
யாரும் எடுத்து ஒட்டவில்லை.

தொலைக்காட்சியில் புள்ளிவிவரம் சொல்வார்கள்.
எனக்குக் கறை சொல்லும்.
மார்பில் புல் என்றால் பாய்ந்தவன்.
முழங்கையில் சுண்ணாம்பு என்றால்
கோடு வரை போய் எட்டாதவன்.
முதுகில் புல் என்றால் விழுத்தாட்டப்பட்டவன்.

குவார்ட்டர்பேக் ப்ரூயிட்டின் ஒன்பதாம் எண்ணுக்கு
செப்டம்பரிலிருந்தே முதுகு பச்சை.
ஆண்டுக்கு நாற்பது மில்லியன் வாங்குபவன்.
வினிகரில் ஊறவைத்து
பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்து
அவன் எந்தப் பக்கம் விழுவான் என்று
அவனைக் காக்கவேண்டியவர்களுக்கு முன்பே
எனக்குத் தெரிந்திருந்தது.
யாரிடம் போய்ச் சொல்ல?

நவம்பரில் அவன் தோள் போயிற்று.
சட்டையைக் கத்தரித்துக் கழற்றியிருந்தார்கள்.
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்;
வெந்நீர் விட்டால் குடியேறிவிடும்.
மருத்துவமனைச் சலவையில் கற்றது.

டிசம்பரில் மாடியிலிருந்து ஆள் வந்தான்.
கோச்சின் மேலங்கிகளில்
பெயரைப் பிரித்துவிடச் சொன்னான்.
ஊசி முனையால் ஒவ்வோர் எழுத்தாய் எடுத்தேன்.
நூல் போனது. துளைகள் இருந்தன.
துளைகளிலும் அதே பெயர்.

மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி.
தலையில் காகிதப்பை மாட்டிக்கொண்டு
வந்தார்களாம் ரசிகர்கள்.
வந்தார்களே.

ஓரின் ஹாஸ்கெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.
பதினான்காம் எண். மூன்றாவது குவார்ட்டர்பேக்.
பதினாறு வாரம்
போன மடிப்பு கலையாமல் திரும்பிய சட்டை.
ஒருமுறை ஒரு சூரியகாந்தி விதைத் தோல்
கழுத்துப்பட்டையில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.
கூடையில் வந்தது எல்லாம்
எந்திரத்துக்குள் போகவேண்டும் என்பது விதி.
அழுக்கில்லாத துணியை வெளுப்பதைப்போல
அலுப்பு பிடித்த வேலை வேறில்லை.

கடைசி ஞாயிறு பனி கொட்டியது.
இரண்டாமவன் கணுக்காலைத் திருப்பிக்கொண்டானாம்.
நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
குழாய்கள் ஒருமுறை
ஒரேயொரு முறை
அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுக்கும்படி அதிர்ந்தன.
பிறகு பழையபடி மௌனம்.
முப்பத்தொன்றுக்குப் பத்து. தோல்விதான்.

கூடை வந்தது. பழக்கம்.
பார்க்காமலே அள்ளிப் போட்டுக் கதவை அடைத்தேன்.

வெறுங்காலோடு ஓடிவந்தான்
இடுப்பில் துண்டோடு ஒரு பையன்.
"ரோவீனா, பதினாலைப் போட்டுவிட்டீர்களா?"

இருபத்திரண்டு வருடத்தில்
என் பெயர் தெரிந்த முதல் ஆட்டக்காரன்.

நிறுத்த முடியாது.
தொடங்கினால் நாற்பத்தெட்டு நிமிடம்.
சோப்புவாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.
என் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தேன்.
வட்டக் கண்ணாடிக்குள்
நுரை பழுப்பாகிக்கொண்டிருந்தது.
என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.
"அதோ," என்றான்,
சுற்றுக்கு ஒருமுறை எண் மேலே வரும்போது.
"அதோ. இல்லை, அது நாற்பத்தொன்று. இதோ."

பளிச்சென்று வந்தது.
ஒரு புள்ளி இல்லை.
என் வேலையில் யாரும் குறை சொல்லமுடியாது.

முகர்ந்து பார்த்தான். சிரித்தான்.
ஈரத்தோடே தலைவழியே மாட்டிக்கொண்டு
படியேறிப் போனான்.

அடுத்த கூடையை இழுத்தேன்.
முதுகெல்லாம் சேறு.