அப்பால பாத்துக்கலாம்

எர்ணாவூரில் இரண்டாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே எண்ணூர் விரைவுச்சாலை,
பெயரில் விரைவு.
மதியம் பார்த்த மஞ்சள் ட்ரெய்லர்
ராத்திரி பதினொன்றுக்கும்
அதே மின்கம்பத்துக்குப் பக்கத்தில்.

நான் எழுதும் மென்பொருள்தான்
அந்த வரிசையின் முனையில்
கேட் பாஸ் அடிக்கிறது.
இதை வீட்டுக்காரர்களிடம் சொன்னதில்லை.
ஹாரன் சத்தத்துக்கு ஏற்கனவே
யாரைத் திட்டுவதென்று தேடுகிறார்கள்.

வியூ மெனுவில் மேலிருந்து ஏழாவது:
டாஸ்க் லிஸ்ட்.
தனியாக எதையும் நிறுவ வேண்டாம்,
வாடகை வீட்டோடு வந்த பரண் மாதிரி
கூடவே வந்தது.
ஆறு வருஷமாய் ஏறிப் பார்க்கவில்லை.
இன்றைக்கு ஏதோ தேடப்போய் விரல் தவறிப் பட்டு
திரைக்கு அடியில் ஒரு பலகை திறந்தது.
நூற்று நாற்பத்து மூன்று வரிகள்.

'இந்த 37 எங்கேர்ந்து வந்துச்சு? கேக்கணும்.'
'தேதி தலைகீழா வருது, திங்கக்கிழமை.'
எந்தத் திங்கள் என்று எழுதவில்லை.
'லீவு முடிஞ்சு வந்து மாத்தறேன் – பர்வீன்.'
பர்வீன் இப்போது தோஹாவில்.
பிறகு, ஆங்கில எழுத்தில் தமிழாக,
பதினேழு இடத்தில்
'அப்பால பாத்துக்கலாம்.'

டூடூ என்று தொடங்கி எழுதினால் மட்டுமே
கருவி அதைப் பொறுக்கி வந்து அடுக்கும்.
தப்பென்று தெரிந்து விட்டுப்போனவர்களின் பட்டியல் இது.
தெரியாமல் விட்டது
எந்தப் பலகையிலும் வராது.

இரட்டை க்ளிக்.
வரி 212.
'இனிஷியல் இல்லேன்னா ரிஜெக்ட். இப்போதைக்கு – ரெ.ஜெ.'
ரெ.ஜெ. நான்தான்.
சேர்ந்த முதல் மாசம்.
கையெழுத்தில்கூட இனிஷியல் மட்டுமே போட்டிருக்கிறேன்.

லாக்கில் தேடினேன்.
நாலாயிரத்துச் சொச்சம்.
மங்ரா. பில்ட்டு. சோம்ரா. இன்னொரு மங்ரா.
அப்பன் பெயரின் முதல் எழுத்தை
முன்னால் கட்டிக்கொண்டு திரியாத ஊர்களிலிருந்து
கண்டெய்னர் ஓட்டி வந்தவர்கள்.
கேட்டில் இருக்கும் தணிகாசலம்
ஒவ்வொரு முறையும் மேலாளருக்குப் போன் போட்டு
நாற்பது நிமிஷம் கழித்து
தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்:
எக்ஸ். மங்ரா.
எக்ஸ். பில்ட்டு.
எக்ஸ். சோம்ரா.
எங்கள் டேட்டாபேஸ் கணக்குப்படி
அத்தனை பேருக்கும் ஒரே அப்பா.

212இல் சிவப்புப் புள்ளி வைத்து ஓடவிட்டேன்.
வந்து நின்றது.
தாண்டிப் போ என்று ஒரு விசை,
உள்ளே போ என்று அதற்கடுத்த விசை.
பக்கத்துப் பக்கத்து விசைகள்தான்.
இத்தனை வருஷம்
என் விரல் எதில் இருந்தது என்று
சொல்லவேண்டியதில்லை.

திருத்தம் மூன்று வரி.
காபி ஆறுவதற்குள் முடிந்தது.
அதுதான் தூங்கவிடவில்லை,
மூன்று நாள் ஆகியிருந்தால்கூட
ஒரு சாக்கு இருந்திருக்கும்.

டெஸ்ட் ஓட்டினால் ஒன்று சிவப்பு.
இனிஷியல் போன இடத்தில்
மாத ரிப்போர்ட்டில் ஒரு வெற்றிடம் விழுகிறது,
பெயர்கள் கோணலாய் நிற்கின்றன.
மணி ஒன்று நாற்பது.
டூடூ, முக்காற்புள்ளி, ரிப்போர்ட்டில் இடைவெளி,
அப்பால –
தட்டி முடித்தபிறகுதான் பார்த்தேன்.
நூற்று நாற்பத்திரண்டாய் இறங்கியிருந்த பட்டியல்
மறுபடி நூற்று நாற்பத்து மூன்று.
இந்தத் தடவை முழுப்பெயர் போட்டேன்.
ரெஜினாள் ஜெசிந்தா.
யாராவது திட்டவேண்டுமென்றால்
திட்டட்டும்.

ரிலீஸ் வியாழக்கிழமைதான்.
இன்று செவ்வாய்.

கீழே, மஞ்சள் ட்ரெய்லரின் டயரில் சாய்ந்து
ஒருத்தர் போன் பார்க்கிறார்.
முன்வண்டி நகர்ந்தது.
எழுந்தார், லுங்கியை மடித்துக் கட்டினார், ஏறினார்,
ஆறடி ஓட்டினார், இறங்கினார்,
அதே டயர், அதே போன்.
பெயர் என்ன என்று
மாடியிலிருந்து கேட்கமுடியாது.